வெட்ட வெட்ட மாறிய புல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டி இருக்கிறது ஓக்மாண்ட் கன்ட்ரி கிளப். 1903-இல் தொடங்கிய தனியார் கோல்ஃப் கிளப் இது. யு.எஸ். ஓப்பன் எனப்படும் அமெரிக்க தேசியப் போட்டி 1927 முதல் 2025 வரை பத்து முறை இங்கே நடந்திருக்கிறது. வேறு எந்த மைதானமும் அந்தப் போட்டியை இத்தனை முறை நடத்தியதில்லை. 1987-இல் அமெரிக்க அரசு இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஒரு கோல்ஃப் மைதானம் அந்தத் தகுதியைப் பெற்றது அதுவே முதல் முறை.

பழைய மாளிகை, கோப்பைகள், புகழ்பெற்ற வீரர்களின் படங்கள் எல்லாம் இங்கே உண்டு. பணம் படைத்த எந்த கிளப்பும் அவற்றைப் போலச் சிலவற்றைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். ஓக்மாண்டின் உண்மையான செல்வம் தரையில் இருக்கிறது. அது ஒரு புல். உலகம் முழுவதும் தோட்டக்காரர்கள் களையென்று பிடுங்கி எறியும் சாதாரணப் புல். நூறாண்டுகளுக்கு மேலாக வெட்டியும் உருட்டியும் மிதித்தும் வந்ததில் அந்தக் களை இங்கே வேறொரு செடியாகவே மாறிவிட்டது. யாரும் திட்டமிடாமல் நடந்த மிக நீண்ட உயிரியல் சோதனைகளில் ஒன்றாக இதைச் சொல்லலாம்.

ஓக்மாண்டை உருவாக்கியவர் ஹென்றி ஃபவுன்ஸ், பிட்ஸ்பர்க் இரும்புத் தொழிலில் பணம் சேர்த்தவர். கோல்ஃப் மைதானம் வடிவமைப்பது அவர் தொழில் அல்ல. வாழ்நாளில் அவர் அமைத்தது இந்த ஒன்றை மட்டுமே. ஆட்களையும் கோவேறு கழுதைகளையும் கொண்டு, மரமில்லாத விவசாய நிலத்தில் பதினெட்டுக் குழிகளுக்கான மைதானத்தை வெட்டினார். நிலத்தின் குறுக்கே ஒரு ரயில் பாதை ஓடியது. பிற்காலத்தில் அதை ஒட்டியே பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலையும் வந்தது. இன்றும் வீரர்கள் பாலம் ஏறி அவற்றைக் கடந்துதான் மைதானத்தின் மறுபகுதிக்குப் போகிறார்கள்.

ஃபவுன்ஸின் மகன் வில்லியம், 1910-இல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் பட்டம் வென்றவர். தந்தைக்குப் பின் மைதானத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தவர் அவர். தவறான அடிக்கு உரிய தண்டனை கிடைத்தே தீர வேண்டும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. பந்து எங்கே விழுந்து வீரர் எளிதாகத் தப்புகிறார் என்று கவனிப்பார். அந்த இடத்தில் அடுத்து ஒரு மணற்குழி முளைக்கும். கெட்டியான களிமண் பூமி என்பதால் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வடியாமல் தேங்கிவிடும். அதனால் மணற்குழிகள் ஆழமில்லாமல்தான் அமைந்தன. ஆழத்தில் குறைந்த கடுமையை ஈடுகட்ட, கனமான பல்லுள்ள வாரியால் மணலில் சால் போட்டார்கள். பந்து அந்தச் சாலுக்குள் விழுந்தால், வெளியே எடுப்பதே போதும் என்றாகிவிடும். மூன்றாவது குழிக்கும் நான்காவது குழிக்கும் நடுவில், மணலில் வரப்பு வரப்பாகப் புல்மேடுகள் நிற்கும் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. தேவாலய இருக்கைகள் வரிசையாகப் போட்டது போலத் தெரிவதால் அதற்கு ‘சர்ச் பியூஸ்’ என்று பெயர். கோல்ஃப் உலகில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட மணற்குழிகளில் அதுவும் ஒன்று.

ஆனாலும் ஓக்மாண்டில் வீரர்களைப் படுத்துவது மணல் அல்ல, கிரீன்தான். குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல் பரப்பை கிரீன் என்பார்கள். அதில் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. மட்டையால் மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். பவுடர் தூவிய கேரம் பலகையில் காய் எப்படி நழுவிக்கொண்டே போகுமோ, அப்படி ஓக்மாண்ட் கிரீன்களில் பந்து போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலான மைதானங்களில் கிரீன்கள் ஆடுபவரை நோக்கிச் சரிந்திருக்கும். விழுகிற பந்து நின்றுவிடும். இங்கே 1, 10, 12 ஆகிய குழிகளில் கிரீன் எதிர்ப்பக்கம் சரிகிறது. நிலம் இயல்பாக எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே ஃபவுன்ஸ் விட்டுவிட்டார். அங்கே விழும் பந்து முன்னோக்கி ஓடத்தான் பார்க்கும்.

1935-இல் யு.எஸ். ஓப்பன் இங்கே நடந்தபோது அதை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஸ்டிம்ப்சன். ஹார்வர்டு பல்கலைக்கழக கோல்ஃப் அணியின் முன்னாள் தலைவர். அதே ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநில அமெச்சூர் சாம்பியன். ஜீன் சரசன் தட்டிய பந்து ஒன்று குழியைத் தாண்டி, கிரீனையும் தாண்டி உருண்டோடியதை அவர் பார்த்தார். சரசன் கத்துக்குட்டி இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றிருந்தார். அப்படிப்பட்டவரின் பந்தே நிற்கவில்லை என்றால், குறை கையிலா, தரையிலா? அந்தப் போட்டியில் நான்கு சுற்றுகளையும் 300 அடிகளுக்குள் முடித்தவர் ஒருவரே. அருகிலிருந்த ஊரைச் சேர்ந்த சாம் பார்க்ஸ் 299 அடிகளில் பட்டம் வென்றார்.

கிரீன்கள் அளவுக்கு மீறி வேகமாக இருக்கின்றன என்று ஸ்டிம்ப்சன் நம்பினார். நம்பினால் போதுமா? அளந்து காட்ட வேண்டும். வீட்டுக்குப் போனவர் மரத்தில் ஒரு கருவி செய்தார். ஒரே அளவு விசையில் பந்தை உருளவிடும் எளிய சாய்தளம், அவ்வளவுதான். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைக் கையில் எடுக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. 1970-களில் ஃபிராங்க் தாமஸ் என்ற பொறியாளர் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்தார். ‘ஸ்டிம்ப்மீட்டர்’ என்ற பெயரில் 1978 முதல் அது மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

கருவியின் எளிமைதான் அதன் அழகு. மூன்றடி நீளமுள்ள உலோகப் பட்டை. நெடுகிலும் ‘வி’ வடிவப் பள்ளம். தரையில் படும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு சிறு வெட்டு. அந்த வெட்டில் பந்தை வைத்து, பட்டையின் மறுமுனையை மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். சாய்வு ஏறக்குறைய 20 டிகிரியைத் தொட்டதும் பந்து தானே வெட்டிலிருந்து நழுவி உருளத் தொடங்கும். யார் தூக்கினாலும், எப்போது தூக்கினாலும் அதே உயரம். அதனால் தரையைத் தொடும்போதும் அதே வேகம், வினாடிக்குச் சுமார் 6 அடி. சமதளமாகப் பார்த்து மூன்று பந்துகளை ஒரு திசையில் உருட்டுவார்கள். பிறகு அதே தடத்தில் எதிர்த்திசையில் மூன்று. அவை எத்தனை அடி ஓடி நின்றன என்பதன் சராசரிதான் கிரீனின் ‘வேகம்’. துல்லியமாகச் சொன்னால், பந்து ஓடிய தூரம் வழியாக, புல் பந்தை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதை அளக்கிறோம்.

கருவி அறிமுகமான காலத்தில் அமெரிக்க மைதானங்களின் சராசரி சுமார் ஆறரை அடி. ஓக்மாண்டில் அப்போதே 9 அடிக்கு மேல். இன்று பெரிய போட்டிகளின்போது அங்கே 14 அடியைத் தொடுகிறது. ஏழு அடி பதினாலானால் பந்து இரண்டு மடங்கு தூரம் போகும், அதற்கு ஏற்றபடி கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் ஆயிற்று என்று தோன்றலாம். சரிவைக் கணக்கில் சேர்த்தால் விஷயம் வேறாகிறது.

சரிவில் உருளும் பந்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. புல் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. புல்லின் தடை மிகுந்தால் பந்து நிற்கும். ஈர்ப்பு மிகுந்தால் நிற்கவே நிற்காது. வேகம் கூடிக்கொண்டே போகும். ஸ்டிம்ப்மீட்டரில் 7 அடி காட்டும் கிரீனில், 100 அடிக்கு ஏறக்குறைய 11 அடி இறங்கும் சரிவில்கூடப் பந்து நிற்கும். 14 அடி காட்டும் கிரீனிலோ அந்த எல்லை பாதியாகிறது. 100 அடிக்கு ஐந்தரை அடி இறங்கினாலே பந்து நிற்காது. ஆக, புல் வேகமாக ஆக, குழி வெட்டுவதற்குத் தகுந்த இடமே கிரீனில் சுருங்கிப்போகிறது. பழைய காலத்து மெதுவான புல்லுக்குப் பொருத்தமாக இருந்த சரிவு, மண் ஓர் அங்குலம் நகராமலே இன்று ஆட முடியாத சரிவாகிவிடும்.

1973-இல் இது தலைகீழாகவும் நடந்தது. போட்டியின் நடுவே பெய்த மழையில் ஓக்மாண்ட் கிரீன்கள் இளகின. பந்து விழுந்த இடத்தில் நின்றது. கடைசி நாளில் ஜானி மில்லர் 63 அடிகளில் சுற்றை முடித்துப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அந்தச் சுற்று கோல்ஃப் வரலாற்றில் தனி இடம் பெற்றது. அவர் திறமையை அது சிறிதும் குறைக்காது. ஆனால் தண்ணீர் சேர்ந்த களிமண்ணும் காய்ந்து இறுகிய களிமண்ணும் இரண்டு வேறு மைதானங்கள் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

இனி அந்தப் புல்லுக்கு வருவோம். அதன் தாவரவியல் பெயர் போவா அனுவா. ஐரோப்பாவில் தோன்றி, மனிதன் போன இடமெல்லாம் அவன் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போயிற்று. நீலகிரி போன்ற நம் குளிர்ந்த மலைகளிலும் பாதையோரம் தென்படும். அண்டார்டிகா பகுதியில் வெளியிலிருந்து வந்து வேரூன்றிவிட்ட ஒரே பூக்கும் தாவரம் இதுதான். கோல்ஃப் மைதானங்களில் விதைத்து வளர்ப்பது வழக்கமாக பென்ட் கிராஸ் என்ற வேறு புல். போவாவை யாரும் அழைப்பதில்லை. விதை தானாக வந்து விழும். சின்ன இடைவெளி கிடைத்தால் முளைக்கும். சில ஆண்டுகளில் கிரீன் முழுவதையும் தன் வசமாக்கிவிடும். பல கிளப்புகள் மருந்தடித்தும் மண்ணை மாற்றியும் அதோடு ஓயாமல் போராடுகின்றன. ஓக்மாண்டில் அதை விரட்டாமல் பேணினார்கள்.

காட்டில் வளரும் போவா ஓராண்டுச் செடி. முளைத்து, கொத்தாக நிமிர்ந்து, நிறைய விதை போட்டு, கோடையில் காய்ந்து மடியும். ஓக்மாண்ட் கிரீனில் இருப்பதோ குள்ளமானது, நெருக்கமானது, மெல்லிய இலைகள் கொண்டது, பல ஆண்டுகள் வாழ்வது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இனம் என்று சொல்லத் தோன்றாது.

இந்த வேறுபாட்டின் வேர் செடியின் பூர்வீகத்தில் இருக்கிறது. போவா அனுவா ஒரு கலப்பினம். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் போவா இன்ஃபர்மா ஒரு பெற்றோர். அது ஓராண்டே வாழ்ந்து விதையிலேயே நம்பிக்கை வைப்பது. ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் வளரும் போவா சுபினா இன்னொரு பெற்றோர்; அது தரையோடு படர்ந்து ஆண்டுக்கணக்கில் வாழ்வது. இருவரிடமிருந்தும் முழுமையாக ஒவ்வொரு தொகுதி, ஆக 14 உடன் 14 சேர்ந்து 28 குரோமோசோம்கள் இந்தச் சிறு புல்லில் இருக்கின்றன. 2023-இல் வெளியான இதன் முழு மரபணு வரைபடம் இந்த இரட்டைப் பூர்வீகத்தை எழுத்தெழுத்தாகக் காட்டியது. சீக்கிரம் விதைத்துவிட்டு மடிவது, படர்ந்து நிலைப்பது என்ற இரண்டு வாழ்க்கை முறைகளும் ஒரே செடிக்குள் காத்திருக்கின்றன. எது வெளிவர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சூழல் தீர்மானிக்கிறது.

கிரீனில் அந்தச் சூழல் புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி. தரையிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் தினமும் அது ஓடுகிறது. நிமிர்ந்து வளரும் செடி இலையையும் பூவையும் இழக்கிறது. விதை போட வழியில்லை. தரையோடு தரையாகப் பூத்து, பக்கவாட்டில் புதுத் தண்டு விட்டுப் பரவும் செடி தப்பிக்கிறது. அதன் சந்ததி பெருகுகிறது. இதுவே நூறாண்டுகள் நடந்தால் குள்ளச் செடிகளின் கூட்டம் ஒன்று உருவாகும். டார்வின் புறாக்களையும் நாய்களையும் காட்டி விளக்கிய தேர்வு இதுவே. புறா வளர்ப்பவருக்காவது எப்படிப்பட்ட புறா வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கும். இங்கே புல்வெட்டியவர்கள் புது வகைப் புல்லை உருவாக்க நினைக்கவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹஃப் என்ற புல் ஆராய்ச்சியாளர், கிரீன்களில் வளரும் போவாவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவரும் மாணவர்களும் அந்தக் குள்ளப் புற்களை வெட்டாமல் வளரவிட்டு, அவற்றின் சந்ததிகளைக் கவனித்தார்கள். பல செடிகள் மீண்டும் உயரமான காட்டுப் புல்லின் உருவத்துக்கே திரும்பின. மரபணு எழுத்து நிரந்தரமாக மாறியிருந்தால் இவ்வளவு சுலபமாகத் திரும்பியிருக்காது. செடியை நீளவைக்கும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் குள்ளப் புல்லும் நீள்கிறது என்பதையும் கண்டார்கள். அதாவது வளரும் திறன் அதனிடம் அப்படியே இருக்கிறது. அது அடங்கிக் கிடக்கிறது. தேர்வு ஒரு பக்கம் வேலை செய்ய, எந்த மரபணு பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் தொடர்ந்த வெட்டு மாற்றுகிறது. அந்தக் கட்டுப்பாட்டின் தடம் அடுத்த தலைமுறை வரை போகிறது. வெட்டு நின்றால் கலைந்தும் போகிறது. எபிஜெனெடிக்ஸ் என்ற துறை இன்று ஆராயும் கேள்விகளில் ஒன்று, விளையாட்டு மைதானத்துப் புல்லில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட புல்லுக்கு வெயிலும் காற்றும் தேவை. அதை ஓக்மாண்ட் சிரமப்பட்டுத்தான் கற்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மைதானம் மொட்டையாக இருக்கிறதே, அழகில்லையே என்று உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். மரங்கள் வளர்ந்தன, கிரீன்கள் நிழலில் மாட்டின. நிழலில் பனி உலரத் தாமதமாகிறது, பூஞ்சை பற்றுகிறது, வேர் மேலோட்டமாகிறது. 1990-களில் மரங்களை அகற்ற ஒரு சிறு குழு முடிவெடுத்தது. எதிர்ப்பு வருமென்று தெரியும். அதனால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும். விளக்கு வெளிச்சத்தில் மரத்தை அறுப்பார்கள். தூள் சிதறாமல் கீழே தார்ப்பாய் விரித்திருப்பார்கள். அடிக்கட்டையை அரைத்து எடுத்து, அந்த இடத்தில் புல்தரையைப் பதித்து, உறுப்பினர்கள் வரும் முன் தடயமே இல்லாமல் கூட்டி முடித்துவிடுவார்கள். வெகு நாள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது கிளப்பே இரண்டு பட்டது. வெட்டுதல் தொடர்ந்தது. இன்று மைதானத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிறது, ஃபவுன்ஸ் காலத்தில் தெரிந்தது போல.

மரம் வெட்டுவதைப் பாராட்ட எனக்குத் தயக்கம்தான். ஆனால் இங்கே நட்டது காடு அல்ல, அலங்காரம். அலங்காரம் அகன்றதும் பழைய நிலத்தின் வடிவம் வெளிவந்தது.

இந்தக் கிரீன்கள் கோல்ஃபின் சட்டப் புத்தகத்தையும் மாற்றியிருக்கின்றன. 2016 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாள், ஐந்தாவது குழியின் கிரீன். டஸ்டின் ஜான்சன் தட்டத் தயாராகி மட்டையைப் பந்தருகே கொண்டுபோனார். பந்து மயிரிழை அசைந்தது. தான் அசைக்கவில்லை என்று உடனே நடுவரிடம் சொன்னார், நடுவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஓர் அடி அபராதம் விதித்தார்கள். அவர் மூன்று அடி வித்தியாசத்தில் வென்றதால் முடிவு மாறவில்லை. கேள்வி மட்டும் மிஞ்சியது. சரிந்த, வேகமான கிரீனில் பந்து சில புல்நுனிகளின் மேல் விளிம்பு நிலையில்தான் நிற்கிறது. ஒரு நுனி மடங்கினாலோ, காற்று லேசாக வீசினாலோ அது அசையலாம். யார் அசைத்தார்கள் என்று மனிதக் கண்ணால் எப்படித் தீர்ப்புச் சொல்வது? 2017 தொடக்கத்திலிருந்து, கிரீனில் தற்செயலாகப் பந்து அசைந்தால் அபராதம் இல்லை என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

இதில் வருத்தப்பட வேண்டிய பக்கமும் உண்டு. வேகம் அளவு மீறிவிட்டது என்று நிரூபிக்கவே ஸ்டிம்ப்சன் கருவி செய்தார். ஒரே மைதானத்தில் எல்லாக் கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்கவே சங்கம் அதை வழங்கியது. எண் கைக்கு வந்ததும் அது போட்டியாகிவிட்டது. பக்கத்துக் கிளப்பில் 11 என்றால் எங்களுக்கு 12 வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்காகப் புல்லை அதன் உயிர் தாங்கும் எல்லைக்குக் கீழே வெட்டினார்கள். பலவீனமான புல்லைக் காப்பாற்ற மேலும் தண்ணீர், மேலும் மருந்து. ஓக்மாண்டின் புல் நூறாண்டுகளில் பெற்ற தாங்கும் திறனை, வேறொரு மண்ணிலுள்ள வேறொரு புல்லிடம் அடுத்த கோடையிலேயே எதிர்பார்ப்பது நியாயமில்லை. விதைப்பையில் வாங்கிவரவும் அது கிடைக்காது. வெட்டு நின்றால் கலைந்துபோகும் குணம் விதையில் எப்படி நிலைத்து நிற்கும்?

பாரம்பரியச் சின்னம் என்றால் அதைத் தொடாமல் விட்டுவைப்பதே காப்பது என்று நினைக்கிறோம். கல்வெட்டுக்கு அது சரி, ஓவியத்துக்கும் சரி. ஓக்மாண்டின் சின்னத்தைச் சில மாதங்கள் தொடாமல் விட்டால் அது ஓராண்டுக் களையாகத் திரும்பத் தொடங்கிவிடும். ஒவ்வொரு விடியலிலும் யாரோ எழுந்து, ஈரம் பார்த்து, கத்தியைச் சாணை பிடித்து, அதே இரண்டு, மூன்று மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும். பட்டம் வென்றவர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. இந்தப் புல்லை உருவாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த புல்வெட்டுத் தொழிலாளிகள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அதனால் எனக்கு ஓர் ஆசை உண்டு. நூறாண்டு கடந்த தனியார் மைதானங்கள் உலகில் பல இருக்கின்றன. என்றைக்கு எந்த உயரத்தில் வெட்டினார்கள், எப்போது தண்ணீர் விட்டார்கள், எந்தக் கோடையில் எந்தக் கிரீன் கருகியது என்ற தொழிலாளிகளின் குறிப்பேடுகள் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ, அவற்றை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். எந்த ஆய்வகமும் நூறாண்டு நீளும் சோதனையை இன்று தொடங்கி நமக்கு விடை சொல்ல முடியாது. இந்த கிளப்புகளில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. கதவு உறுப்பினர்களுக்கு மட்டுமே திறக்கலாம். அந்த மண்ணில் விளைந்த அறிவு எல்லோருக்கும் சொந்தமாகட்டும்.